பருப்பு வேகும் தண்ணீர்

எருமப்பட்டியிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூரில் என் பெரியம்மா வீடு. அந்த வீட்டில் மூன்று தண்ணீர் உண்டு. அடுப்பு மேடையில் மூடி போட்ட எவர்சில்வர் குடத்தில் இருப்பது காவிரித் தண்ணீர், குடிக்கவும் சோறாக்கவும். வாசலோரச் சிமெண்டுத் தொட்டியில் கிடப்பது போர்த் தண்ணீர். பாத்திரம் விளக்க, துணி துவைக்க, மாட்டுக்குக் காட்ட. சமையலறை மூலையில் நீலக் கேன் ஒன்று, அதன் தலையில் கவிழ்த்த டம்ளர். மூன்றும் ஒன்றோடொன்று கலக்காது. தவறிப்போய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு உலையில் ஊற்றிவிட்டால் வீட்டில் அன்று பேச்சுத்தான்.

எது நல்ல தண்ணீர் என்று எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். "பருப்பு வெந்தா நல்ல தண்ணி" என்றார் பெரியம்மா, இதையெல்லாமா கேட்பார்கள் என்கிற முகத்தோடு.

அது சரியான சோதனைதான். சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீரில் துவரம்பருப்பை எத்தனை நேரம் கொதிக்கவிட்டாலும் விறைத்துக்கொண்டே நிற்கும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து இறுகிவிடுவதுதான் காரணம். சோப்பு நுரைக்காததும், வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாக அட்டு கட்டுவதும் அதே கால்சியத்தின் வேலை. பெரியம்மாவுக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால் ஆய்வகம் வருவதற்கு முன்பே இந்தச் சமவெளிப் பெண்கள் தண்ணீரை அளந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் எதை அளந்தார்கள், எது அவர்கள் அளவைக்குத் தப்பியது, இன்று அரசும் ஆராய்ச்சியாளர்களும் எதை அளக்கிறார்கள், எது அவர்களுக்குத் தப்புகிறது என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஊருக்கு வடகிழக்கே கொல்லிமலை சுவர் போல நிற்கிறது. தென்மேற்கே மோகனூர்ப் பக்கம் காவிரி. மலையில் பெய்வது இங்கே நிற்பதில்லை. ஆற்றில் ஓடுவது இங்கே ஏறுவதில்லை. நடுவில் கிடப்பது பாறை நிலம். மேலே கொஞ்சம் சிவப்பு மண், கீழே கருங்கல். அந்தக் கல்லின் வெடிப்புகளில் தேங்கியிருப்பதுதான் நிலத்தடி நீர். ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சின்ன வெங்காயம், மரவள்ளி, சோளம், கோழிப்பண்ணை எல்லாமே அந்த வெடிப்புகளை நம்பித்தான். பக்கத்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்த் துளை போடுகின்றன. சொந்த மாவட்டத்தை விட்டுவைத்திருக்குமா? மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2022 கணக்கில் தமிழகத்தின் 1,166 குறுவட்டங்களில் 360 'அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை'.

இங்கே மக்கள் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். தண்ணிப் பஞ்சம், தண்ணிக் கஷ்டம். பஞ்சம் ஊருக்கு வருவது. வானம் பொய்த்தால் வரும், மழை பெய்தால் போகும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்ததே, அது பஞ்சம். கஷ்டம் வீட்டுக்குள் இருப்பது. மழை பெய்தாலும் போகாது. ஆங்கில ஆய்வுலகம் இந்த இரண்டாவதுக்குப் பெயர் கண்டுபிடிக்க வெகு காலம் எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரைத் தமிழில் 'நீர்ப் பாதுகாப்பின்மை' எனலாம். நான் தண்ணிக் கஷ்டம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் பஞ்சத்தைத்தான் அளந்தார்கள். ஸ்வீடன் நாட்டு நீரியலாளர் மாலின் ஃபால்கன்மார்க் 1989-இல் கொடுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நாட்டில் தலைக்கு ஆண்டுக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே தண்ணீர் இருந்தால் நெருக்கடி. 1,000-க்குக் கீழே பற்றாக்குறை. இந்தியாவுக்கு 2021-இல் அரசு மதிப்பிட்ட அளவு 1,486. இதை நாளுக்கு வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 4,000 லிட்டருக்கு மேல் வரும். என் பெரியம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, "யாரு அந்தப் பாக்கிக் குடத்தைத் தூக்கிட்டுப் போனா?" என்று கேட்டார். பிரம்மபுத்திராவின் வெள்ளமும் பயிருக்குப் போவதும் ஆலைக்குப் போவதும் சேர்ந்த கணக்கு அது. ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அதனால் ஆகாது.

அடுத்து வந்தது குழாய்க் கணக்கு. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. அப்போது தமிழகத்தின் சுமார் 1.25 கோடி ஊரக வீடுகளில் 22 லட்சம் வீடுகளுக்குத்தான் குழாய் இருந்தது. 2024-க்குள் அது ஒரு கோடியைத் தாண்டியது. இது சின்ன வேலை இல்லை. தெருக் குழாயில் வரிசை கட்டி நின்று சண்டை போட்ட தலைமுறைக்கு வீட்டு வாசலில் குழாய் என்பது என்னவென்று தெரியும்.

ஆனால் 55 லிட்டரைக் குடத்தில் அளந்து பார்ப்போம். நாலு பேர் வீட்டுக்கு நாளுக்கு 220 லிட்டர். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் பதினைந்து குடம். தண்ணீர் நாள்தோறும் வந்தால் சரி. ஐந்து நாளுக்கு ஒருமுறை முறை வைத்து வந்தால் ஒரே மூச்சில் 1,100 லிட்டரைப் பிடித்து வைக்க வேண்டும்; எழுபத்துமூன்று குடம். சராசரியில் இரண்டு வீட்டுக்கும் அதே 55 லிட்டர்தான். சின்டெக்ஸ் தொட்டியும் மோட்டாரும் உள்ள வீடு தூங்கிக்கொண்டே பிடித்துவிடும். இல்லாத வீட்டில் ஒருத்தி விடிய விடிய நிற்க வேண்டும். அந்த ஒருத்தி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவளைக் கணக்கில் கொண்டுவர முயன்றதுதான் அனுபவ அளவுகோல். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் செரா யங் மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகளிடம் உணவுப் பற்றாக்குறையும் எச்.ஐ.வி.யும் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். பேச்சு திரும்பத் திரும்பத் தண்ணீருக்கே போனது. பசியை அளக்க அப்போதே கேள்விப் பட்டியல்கள் இருந்தன, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு எட்டுக் கேள்விகளை வைத்து உலகம் முழுவதும் கேட்கத் தொடங்கியிருந்தது. தண்ணீருக்கு அப்படி ஒன்று இல்லை. யங்கும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 23 நாடுகளில் 28 இடங்களில் கேட்டுச் சலித்து, 2019-இல் பன்னிரண்டு கேள்விகளை வெளியிட்டார்கள். கடந்த நான்கு வாரங்களில் தண்ணீருக்காகக் கவலைப்பட்டது எத்தனை முறை, வரத்து நின்றது எத்தனை முறை, துணி துவைக்க முடியாதது, போட்ட திட்டம் மாறியது, சமையலை மாற்றியது, கை கழுவாதது, குளிக்காதது, வேண்டிய அளவு குடிக்காதது, கோபப்பட்டது, தாகத்தோடு படுத்தது, ஒரு சொட்டுகூட இல்லாமல் போனது, கூசிப்போனது. ஒருபோதும் இல்லை என்றால் சுழி. ஓரிரு முறை என்றால் ஒன்று. பத்து முறை வரை இரண்டு. அதற்கு மேல் மூன்று. மொத்தம் 36. பன்னிரண்டோ அதற்கு மேலோ வந்தால் அந்த வீட்டில் தண்ணிக் கஷ்டம் இருக்கிறது என்று பொருள்.

எதைக் கேட்கிறது பாருங்கள். எத்தனை லிட்டர் என்று கேட்கவில்லை. குழாயா கிணறா என்று கேட்கவில்லை. உனக்கு என்ன ஆனது என்று கேட்கிறது. இதே கேள்விகளைத் தனி ஆளுக்கு ஏற்றபடி மாற்றி 2020-இல் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்போடு 31 நாடுகளில் கேட்டார்கள்; இந்தியாவும் அதில் உண்டு. எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் பெரியவர்களில் 14.2 விழுக்காட்டினர் பன்னிரண்டு என்ற கோட்டைத் தாண்டினார்கள். சீனாவில் 3.9, கேமரூனில் 63.9.

நானும் அதைத் தமிழாக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுத் திண்ணையில் கேட்டுப் பார்த்தேன். இது ஆய்வு இல்லை, திண்ணைப் பேச்சு. பெரியம்மா பதில் சொன்னார். அவர் மருமகளான அண்ணி பக்கத்தில் முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டிருந்தார்.

முதல் கேள்வி, கவலை.

"தண்ணிக்கெல்லாம் கவலப்பட்டா பொழைக்க முடியுமா கண்ணு? அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

சுழி போட்டேன். அண்ணி தலை நிமிராமல், "முறைத் தண்ணி வர்ற ராத்திரி அத்தை தூங்கவே மாட்டாங்க. ஒரு மணிக்கு எந்திரிச்சுப் போயி பைப்பத் தொட்டுப் பாப்பாங்க. சில்லுன்னு இருந்தா தண்ணி கிளம்பிருச்சுன்னு அர்த்தம். மறுபடி ரெண்டு மணிக்கு" என்றார்.

"அது கவலையா? அது வேலை" என்றார் பெரியம்மா.

இரண்டாவது கேள்வி இன்னும் மோசம். வரத்து எத்தனை முறை தடைப்பட்டது? இந்தக் கேள்வியை எழுதியவர் மனதில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, நின்றால்தான் செய்தி. இங்கே நிற்பதுதான் வழக்கம், வருவதுதான் செய்தி. "நாலு நாளைக்கு ஒருக்கா வரும். அஞ்சாம் நாளும் வரலைன்னாத்தான் நின்னுபோச்சுன்னு சொல்லோணும்" என்றார். போன மாதம் முறை தவறவில்லை. மறுபடியும் சுழி. 'முக்கியத் தண்ணீர் வரத்து எது' என்று கேட்டபோது பெரியம்மா சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். மூன்று தண்ணீர் வைத்திருப்பவரிடம் ஒன்றைச் சொல் என்றால் எதைச் சொல்வார்?

கை கழுவ, குளிக்கத் தண்ணீர் இல்லாமல் போனதா? தொட்டியில் உப்புத் தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. திட்டம் மாறியதா என்றதும் பெரியம்மா இல்லை என்றார். சேந்தமங்கலத்தில் ஒரு வளைகாப்புக்கு அண்ணி போகாமல் நின்றுவிட்டார், அன்றைக்கு முறை. நூறு நாள் வேலைக்குப் போகாமல் விட்ட நாளும் உண்டு. "இன்னைக்குத் தண்ணி வருது" என்றால் இந்தப் பக்கத்தில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். துக்க வீட்டுக்குத் தவிர எல்லாவற்றுக்கும் செல்லும் காரணம் அது.

கோபம் என்றபோது இருவரும் சிரித்துவிட்டார்கள். "யாரு மேல கோவிக்கறது?" பிறகு அண்ணி குரலைத் தணித்துக்கொண்டார். குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிற வீட்டின் மீதுதான் கோபம். அது பங்காளி வீடு. சொன்னால் நாளைக்கு நல்லது கெட்டதுக்கு முகம் பார்க்க முடியாது.

கூட்டிப் பார்த்தேன். பெரியம்மா சொன்னபடி 4. அதே வீட்டுக்கு அண்ணி சொன்னபடி 13. திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுத்து அந்த வீடு கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். வீட்டு அளவுகோலோடு தனியாள் அளவுகோலும் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரியதாகப் பட்டது பெரியம்மாவின் 4. அது பொய் இல்லை. அறுபது வருடமாக ஒன்றைச் செய்துகொண்டே இருந்தால் அது கஷ்டம் என்கிற பட்டியலிலிருந்து வேலை என்கிற பட்டியலுக்கு மாறிவிடுகிறது. 'அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல' என்ற பதிலுக்குச் சுழி போடுவதற்கு முன் ஆய்வாளர் ஒருமுறை குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

சரி, இந்த எண்ணுக்கும் உடம்புக்கும் என்ன தொடர்பு?

தண்ணீர் நோய் என்றால் நமக்கு வயிற்றுப்போக்கும் காலராவும்தான் நினைவுக்கு வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வீடு வீடாகத் தண்ணீர் எடுப்பதைப் பார்த்து 1972-இல் வெளியான ஓர் ஆய்வில் டேவிட் பிராட்லி இந்தப் பார்வையை அகலமாக்கினார். தண்ணீரைக் குடிப்பதால் வரும் நோய் ஒரு வகை. கழுவப் போதாததால் வரும் சொறியும் கண்நோயும் இன்னொரு வகை. தண்ணீரில் வாழும் உயிரிகளால் வருவது, தண்ணீரருகே பெருகும் பூச்சிகளால் வருவது என மற்ற இரண்டு. அனுபவ அளவுகோல் வந்தபின் இந்தப் பட்டியலில் இல்லாதவையும் தெரியவந்தன. 21 நாடுகளில் 24 இடங்களில் கேட்டபோது, தண்ணீர் எடுக்கும்போது அடிபட்டதாகச் சொன்னவர்கள் 13 விழுக்காடு. வழுக்கி விழுந்தது, இடுப்புப் பிடித்தது, சாலையில் வண்டி மோதியது, சண்டையில் அடிபட்டது என்று. பொலிவியாவின் கோச்சபாம்பா நகரோரத்தில் ஆம்பர் வூட்டிச் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. மன உளைச்சலுக்கு எத்தனை லிட்டர் கிடைத்தது என்பது பெரிய காரணமாக இல்லை. யாரிடம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது, பங்கீடு நியாயமாக இருந்ததா என்பதே காரணம். பங்காளி வீட்டு மோட்டார் எனக்கு நினைவுக்கு வந்தது.

முறைத் தண்ணீருக்கு நம்மூரில் இன்னொரு விளைவும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடாது. வீட்டில் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம், பத்து நாள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடுங்கள் என்று சுகாதாரத் துறை சொல்வது இதனால்தான். ஆனால் அடுத்த முறை எப்போது என்று தெரியாத வீட்டில் பாதித் தொட்டித் தண்ணீரைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? 2017-இல் தமிழகத்தில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. சேலம் வட்டாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் மாநிலமே வறண்டதாக அறிவிக்கப்பட்டது. மழைதான் கொசுவுக்குக் காரணம் என்பார்கள், மறுக்கவில்லை. பஞ்ச காலத்தில் வாங்கிய டிரம்களும் அங்கேதான் இருந்தன.

கேள்விப் பட்டியலில் எட்டாவதாக வருவது வேண்டிய அளவு குடித்தாயா என்பது. "தாகத்துக்குக் குடிக்காம யாராச்சும் இருப்பாங்களா" என்று பெரியம்மா கடந்துபோனார். அண்ணி பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போகிறார். காலையில் ஒரு செம்பு குடித்தால் பிறகு வீட்டுக்கு வந்துதான். தாகம் இல்லாமல் இல்லை; ஒதுங்க இடமில்லை. இங்கே பண்ணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முட்டைக் கோழி ஒன்று நாளுக்குக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். பண்ணைக்காரர் இதைக் கணக்கு வைப்பார். கொட்டகைத் தொட்டியில் தண்ணீர் இறங்குவது திடீரென்று குறைந்தால், தீனி குறைவதற்கும் முட்டை குறைவதற்கும் முன்பே ஏதோ கோளாறு என்று கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவார். கோழி எவ்வளவு குடித்தது என்பது தெரிகிற கொட்டகையில், முட்டை பொறுக்குகிறவர் எவ்வளவு குடித்தார் என்பது யாருக்கும் தெரியாது.

அது தெரிந்தாக வேண்டிய எண். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தது. பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைத்த வரம்புக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சி விவசாயிகளிடையே 1990-களிலிருந்து பரவிய காரணம் தெரியாத சிறுநீரக நோய்க்குக் கடின நீர், ஃப்ளூரைடு, பூச்சிமருந்து, வெப்பம், போதாமல் குடிப்பது என்று ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தார்கள். ஒற்றைக் காரணத்தில் இன்னும் யாரும் ஒத்துப்போகவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்லடைப்பு வந்தவரைக் கேட்டால் "உப்புத் தண்ணி" என்பார்கள். தொட்டியில் அட்டு கட்டுவது போல உடம்பிலும் கட்டும் என்ற ஒப்புமை பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீரின் கடினத்துக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் உறுதியான தொடர்பை ஆய்வுகள் காட்டவில்லை. குறைவாகக் குடிப்பதற்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. கரிக்கிற தண்ணீரை மனிதர் குறைவாகத்தான் குடிப்பார். தண்ணீரில் இருக்கும் உப்பைவிட, அந்த உப்பால் குடிக்காமல் விட்ட தண்ணீர்தான் கல்லாகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அனுபவக் கேள்விகளுக்கு முற்றிலும் தப்பிவிடுகிற விஷயத்துக்கு வருவோம். 1937-இல் ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஒரு விசித்திர நோயைப் பதிவு செய்தார்கள். பல்லில் பழுப்புக் கறை, முதுகு வளையாமல் கட்டை போல நிற்பது, மூட்டுகள் பூட்டிக்கொள்வது. காரணம், குடிக்கும் தண்ணீரில் இருந்த ஃப்ளூரைடு. 1970-களின் தொடக்கத்தில் நல்கொண்டாப் பக்கம் முழங்கால்கள் உள்நோக்கி முட்டிக்கொள்ளும் பிள்ளைகளைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் கண்டார்கள். தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்கள் இதற்குப் பேர்போனவை. நிலத்தடி நீர் வாரியத்தின் பட்டியலில் நாமக்கல்லும் உண்டு. இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளூரைடை ஏற்கிறது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் முதலில் பிள்ளைகளின் பல். நெடுங்காலம் 3, 4 என்று குடித்தால் எலும்பு.

ஃப்ளூரைடுக்கு ருசி இல்லை, நிறம் இல்லை, வாடை இல்லை. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர் பன்னிரண்டு கேள்விக்கும் சுழி வாங்கலாம். தண்ணீர் போதும், நேரத்துக்கு வருகிறது, கவலை இல்லை, கூச்சம் இல்லை. பாதிப்பு தெரியப் பத்து இருபது வருடம் ஆகும். கேள்வியோ நான்கு வாரத்தைப் பற்றியது.

பெரியம்மாவின் பருப்புச் சோதனை இங்கேதான் காலை வாருகிறது. கருங்கல்லில் அபடைட்டு, கருமைக்கா போன்ற கனிமங்களில் ஃப்ளூரைடு இருக்கிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃப்ளூரைடோடு சேர்ந்து கல்லாகவே படிந்துவிடும். தண்ணீரில் அதிகம் தங்காது. ஆழத்தில், பல காலம் பாறையோடு உறவாடிய தண்ணீரில் கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடியிருக்கும். ஃப்ளூரைடு தங்குவதற்கு அதுதான் தோதான இடம். அந்தத் தண்ணீர் நாக்குக்கு உவர்க்காமல் சப்பென்று இருக்கலாம். பருப்பும் அதில் நன்றாகவே வேகும். சீக்கிரம் வேக வேண்டும் என்று ஆப்ப சோடாவைக் கிள்ளிப் போடுகிறோமே, அதே பைகார்பனேட்தான். பருப்பு வேகாத மேல்கிணற்றுத் தண்ணீரை வெறுத்து ஆயிரம் அடிக்குப் போர் ஓட்டி, பருப்பு வேகிற தண்ணீர் கிடைத்ததென்று பொங்கல் வைத்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. அத்தனை தண்ணீரிலும் ஃப்ளூரைடு இருக்கிறது என்று சொல்லவில்லை. பருப்பு வெந்ததை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இந்தத் தவறைப் பெரியம்மா மட்டும் செய்யவில்லை. 1970-களின் கடைசியில் கோவைப் பக்கம் சோதித்து உருவான இந்தியா மார்க் 2 அடிபம்பு நாடு முழுவதும் போனது. திறந்த கிணற்றிலும் குளத்திலும் குடித்துக் காலராவுக்குப் பிள்ளைகளைக் கொடுத்த ஊர்களுக்கு அது வரம். கிருமி இல்லாத ஆழத்துத் தண்ணீர். அன்றைக்குக் கிருமியைத்தான் அளந்தார்கள். பாறை என்ன கரைத்துக் கொடுக்கிறது என்று பல இடங்களில் அளந்தது பிறகுதான். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு அந்தக் கடனை அடைக்க ஒகேனக்கல் காவிரியிலிருந்து ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம் தேவைப்பட்டது. 2008-இல் அடிக்கல், 2013-இல் தண்ணீர்.

அளப்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. தரநிர்ணயம் லிட்டருக்கு இவ்வளவு என்கிறது. எலும்புக்குப் போவது நாளுக்கு எவ்வளவு என்பது. 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீரை இரண்டு லிட்டர் குடிக்கிறவருக்கு 3 மில்லிகிராம். சித்திரை வெயிலில் வெங்காயக் காட்டில் ஐந்து லிட்டர் குடிக்கிறவருக்கு 7.5. தண்ணீர் ஒன்றே, நோய் வேறு. வெயிலையும் குடிக்கும் அளவையும் பார்த்துத் தரத்தை வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே நாடுகளுக்குச் சொல்லியிருக்கிறது. நிறையக் குடி, சிறுநீரகம் பிழைக்கும் என்று ஒரு மருத்துவர் சொல்வதும், இந்தத் தண்ணீரைக் குடிக்காதே, எலும்பு போகும் என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே ஆளைப் பார்த்துத்தான். அந்த ஆள் நாளுக்கு எத்தனை டம்ளர், எந்தக் குடத்திலிருந்து குடிக்கிறார் என்று தெரியாமல் இருவரில் யார் சொல்வதையும் கேட்க முடியாது. குழாய்க் கணக்கு அதைக் கேட்பதில்லை. ஆய்வகம் போத்தலில் வந்ததைத்தான் பார்க்கும். பன்னிரண்டு கேள்விகள் பக்கத்தில் வந்து, போதுமான அளவு குடித்தாயா என்பதோடு நின்றுவிடுகின்றன.

பெரியம்மா வீட்டில் நான் கேட்ட கடைசிக் கேள்வி கூச்சம் பற்றியது. தமிழில் அதற்குச் சொல் தேடி வெட்கம், அவமானம், கூச்சம் என்று மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். "தண்ணிக்கு என்ன வெக்கம்?" என்றார் பெரியம்மா. சுழி.

கிளம்பும்போது தண்ணீர் கேட்டேன். அண்ணி எழுவதற்குள் பெரியம்மா எழுந்து மூலைக்குப் போய், கவிழ்த்த டம்ளரை எடுத்து நீலக் கேனில் பிடித்தார். அந்தக் கேன் எதற்கு, குடத்தில்தான் காவிரித் தண்ணீர் இருக்கிறதே என்றேன்.

"குடத்துத் தண்ணி நாலு நாளாச்சு. வந்தவங்களுக்கு அதையா குடுக்கறது?" என்று டம்ளரை என் கையில் வைத்தார். பிறகு தனக்குத் தாகம் என்று நினைவு வந்தவராக, குடத்து மூடியைத் தள்ளி ஒரு செம்பு மொண்டு குடித்தார்.